செட்டிநாட்டுச் சமையல் சுற்றுலா: சிறு குழுவில் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு உணவுச் சுற்றுலா போய் வந்தவர்கள், அதே எதிர்பார்ப்போடு காரைக்குடியில் வந்து இறங்குவது இப்போது அடிக்கடி நடக்கிறது. அங்கே கொடி படரும் தோட்டம், பழம் பிழியும் கூடம், ஒயின் முதிரும் பீப்பாய், கடைசியில் கையில் கோப்பை என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வரிசையாகக் காட்டிவிட முடியும். செட்டிநாட்டில் அப்படி நடத்திக் காட்ட வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. செம்பூரான் மண்ணும் கண்மாயும் ஊருணியுமாக இருக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் மிளகு விளைவதில்லை; ஏலமும் கிராம்பும் விளைவதில்லை; கல்பாசி என்பது மலைக்காடுகளில் பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது; அன்னாசிப்பூ கடல் கடந்து வந்தது. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று தொழில் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களின் வழியாகவும், மேற்குக் கரையிலிருந்து வந்த சரக்கின் வழியாகவும் சேர்ந்த பொருள்களை, இங்குள்ள சமையற்கட்டுகள் தமக்கேற்பப் பழக்கிக் கொண்டதுதான் செட்டிநாட்டுச் சமையல். எனவே ஒரு சுற்றுலாவின் நிரலில் ‘மசாலாத் தோட்டம்’ என்று போட்டிருந்தால், அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். இங்கே பார்க்க வேண்டிய இடம் அடுப்படி. அதற்கு வேண்டியது நேரம்.

இதை மறந்துவிட்டு, நிரலில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்ததே செட்டிநாடு. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, பிள்ளையார்பட்டி ஆகிய எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் நிரலைப் படிக்கும்போது நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிரலில் சமையலுக்கு மிஞ்சுவது மதிய உணவு நேரம் மட்டுமே. ஒரு நாளைக்கு இரண்டு ஊர்களுக்கு மேல் போகும் திட்டத்தை, நகரத்தாரின் பெரிய பழைய வீடுகளைப் பார்க்கும் சுற்றுலா என்று சொல்லலாமே தவிர, சமையல் சுற்றுலா என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து. வீடுகளைப் பார்ப்பதில் குறையொன்றும் இல்லை. 2014ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கும் ஊர்கள் இவை. இரண்டையும் ஒரே பயணத்தில் பாதிப் பாதியாகச் செய்ய முயல்வதுதான் வீண்.

சிறு குழு என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆறு பேரும் சிறு குழுதான், பதினாறு பேரும் சிறு குழுதான். ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றி நின்று, வாணலிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கக் கூடியவர்கள் நான்கைந்து பேர். அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். அதிகபட்சம் எத்தனை பேர், அத்தனை பேருக்கு எத்தனை அடுப்பு, நம் கையால் செய்ய விடுவார்களா அல்லது பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதானா, போதிய ஆள் சேராவிட்டால் வேறொரு குழுவோடு இணைத்துவிடுவார்களா என்பவற்றை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. மசாலை எப்போது, யார் கையால் அரைக்கப்படுகிறது என்பதே அது. பல வகுப்புகளில் வறுத்து அரைத்த விழுது ஒரு கிண்ணத்திலும், நறுக்கிய சின்ன வெங்காயம் இன்னொரு கிண்ணத்திலும் தயாராக வைக்கப்பட்டிருக்கும். வந்தவர்கள் எண்ணெயில் கொட்டிக் கிளறிவிட்டுப் படம் எடுத்துக் கொள்வார்கள். செட்டிநாட்டுக் குழம்பின் கைப்பக்குவம் முழுவதும் அந்தக் கிண்ணம் நிரம்புவதற்கு முன்பே முடிந்துபோய்விடுகிறது. சோம்பையும் மிளகையும் எவ்வளவு நேரம் வறுப்பது, கல்பாசியை எப்போது எண்ணெயில் போட்டால் அதன் மணம் எழும்பும், மராட்டி மொக்கு ஒன்று கூடினால் என்ன ஆகும், வறுத்ததை அம்மியில் எந்தப் பதத்துக்கு ஓட்டுவது என்பவற்றையெல்லாம் பார்க்காதவர், வீட்டுக்குத் திரும்பியபின் கடையில் ஒரு பொட்டலம் செட்டிநாட்டு மசாலாப் பொடி வாங்கிச் சமைப்பவரைவிட அதிகமாக எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தை வைத்து, இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, புளிக்கவிடாமல் உடனே ஒரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றினால், ஓரம் சிவக்காமல் நடு உப்பி வரவேண்டும். மாவு சற்றே கெட்டியானால் உருண்டையாகிவிடும். தளர்ந்தால் தட்டையாகப் படிந்து எண்ணெய் குடிக்கும். எழுதிவைத்த அளவைக் கொண்டு இதைப் பழக முடியாது. முதல் பணியாரத்தை ஊற்றிப் பார்த்து, அது எழும்பும் விதத்தைக் கொண்டு மாவில் கொஞ்சம் பால் சேர்ப்பதா, பொடித்த அரிசி மாவு சேர்ப்பதா என்று தீர்மானிக்கும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அரிசி ஊறுவதற்கே இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்கு முடிந்து எட்டுப் பண்டங்களைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்பில், முக்கால்வாசி வேலை நமக்கு முன்பே முடிந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். இரண்டு அல்லது மூன்று பண்டங்களை ஊறவைப்பதிலிருந்து பரிமாறுவது வரை காட்டும் வகுப்புக்கே பணம் கொடுங்கள். வெள்ளைப் பணியாரமும், அரிசி களைந்த கழனியில் புளி சேர்த்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டியும், ஒரு நாட்டுக்கோழிக் குழம்பும் ஒருவருக்கு ஒழுங்காகப் பழகிவிட்டால் அந்தப் பயணத்துக்கு அதுவே போதும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிப்பது அடுத்த தவறு. இதில் வெளியூர்த் தமிழர்களே அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது வேடிக்கை. வெயிலையும் பள்ளி விடுமுறையையும் பார்ப்பவர்கள் முகூர்த்தத்தைப் பார்ப்பதில்லை. நல்ல கைப்பக்குவம் உள்ள சமையற்காரர்கள் வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களில் கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அந்த நாள்களில் குழுவுக்குச் சமைக்க வருபவர் வேறொருவராக இருக்கக் கூடும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் ஏறாது. தைப்பூசத்தை ஒட்டி, குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்களின் வீடுகளிலும் அப்படியே. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாளை ஒட்டி வரும் பிள்ளையார் நோன்பு, நகரத்தார் குடும்பங்கள் ஒன்றுகூடி இழை எடுத்துக் கொள்ளும் (எரியும் நூல்திரி வைத்த மாவுப் பிள்ளையாரை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும்) நாள். அன்று மாலை விருந்தாளிக் குழுவை வீட்டுக்குள் கூப்பிட யாரும் விரும்ப மாட்டார்கள். நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் கோயில் முன்பு, தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை வைக்கும் செவ்வாய்ப் பொங்கலைப் பார்க்க விரும்புவோர் அதற்கென்றே தனியாக வரலாம். அதைச் சமையல் வகுப்போடு சேர்த்து ஒரே நாளில் திணிக்கக் கூடாது.

அப்படியானால் எப்போதுதான் வருவது? கார்த்திகை மழை ஓய்ந்தபின் மாசி வரையிலான குளிர்ந்த காலம் பொதுவாக நல்லது. சைவமே போதும் என்பவர்களுக்கு மார்கழி மிகப் பொருத்தம். முகூர்த்தம் இல்லாததால் சமையற்காரர்கள் கிடைப்பார்கள். வற்றலும் வடகமும் போடுவதைப் பார்க்க ஆசைப்படுபவர் பங்குனி, சித்திரை வெயிலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முற்றத்திலும் மாடியிலும் மாவற்றலும் கொத்தவரங்காய் வற்றலும் காய்வது அப்போதுதான். ஆடியில் வருபவர்களுக்கு ஆடிக்கூழ் கிடைக்கும். எந்த மாதத்தில் வருகிறோமோ, அந்த மாதத்தில் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். ‘வருடம் முழுவதும் எல்லாம் கிடைக்கும்’ என்று பதில் வந்தால், வேறோர் அமைப்பாளரைத் தேடுவது நல்லது.

காரத்தைப் பற்றிய பயம் இன்னொரு பக்கம். ஊர் ஊராக ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய உணவகங்கள் எண்ணெயும் மிளகாய்த் தூளுமாகச் சமைத்துப் பரப்பிய பெயர் இது. வீட்டுச் சமையலில் சோம்பும் தேங்காயும் மிளகும் முன்னால் நிற்கும். தண்ணிக்குழம்பும் இளங்குழம்பும் குழந்தைகள் சாப்பிடும் அளவுக்கு மென்மையானவை. இது தெரியாமல், வருவதற்கு முன்பே ‘எங்களுக்குக் காரம் வேண்டாம்’ என்று குழு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால், சமைப்பவர் மிளகாயை மட்டும் குறைக்க மாட்டார். எதற்கு வம்பு என்று மசாலையையே குறைத்துவிடுவார். பிறகு சப்பென்று இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை. வழக்கம்போல் சமைக்கச் சொல்லிவிட்டு, காரம் தாங்காதவர் யார் என்பதை மட்டும் தனியாகத் தெரிவித்தால், அவருக்கு ஒரு கரண்டி தேங்காய்ப்பால் சேர்த்தோ தயிர் வைத்தோ பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் இந்த மென்மையெல்லாம் உதவாது. பொரிப்பதற்குக் கடலை எண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய், இனிப்புக்கு நெய், கெட்டிக் குழம்பில் முந்திரி என்பதே இங்கு வழக்கம். எனவே வேர்க்கடலையோ எள்ளோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாதவர், ‘கடலை சாப்பிட மாட்டேன்’ என்று சொன்னால் போதாது. ‘கடலை எண்ணெயில் பொரித்ததும் ஆகாது, சாப்பிட்டால் மூச்சு முட்டும்’ என்று சொல்ல வேண்டும். அதுவும் பதிவுப் படிவத்தில் எழுதியதோடு நிற்காமல், சமைப்பவரிடமே நேரில் சொல்ல வேண்டும். படிவத்தில் எழுதியது அடுப்படி வரை போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் ஓரிரு நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். சின்ன வெங்காயமே அடித்தளமாக இருக்கும் சமையலில், கடைசி நேரத்தில் அதை எடுத்துவிட்டுச் செய்யச் சொன்னால் இலையில் மிஞ்சுவது சோறும் அப்பளமும்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல்: கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் செட்டிநாட்டு விருந்தில் வரும் கவுனி அரிசி என்பது, சீனியும் நெய்யும் தேங்காயும் தாராளமாகச் சேர்த்துக் கிளறிய இனிப்பு.

சைவர்கள் இந்தப் பயணம் தங்களுக்கானதல்ல என்று ஒதுங்குவதும் தவறே. கோஸ்மல்லியும் மண்டியும் சீயமும் பால் பணியாரமும் கந்தரப்பமும் கும்மாயமும் சைவம்தான். அசைவம் சாப்பிடுவோர் நண்டையும் காடையையும் உப்புக்கறியையும் நினைத்து வந்து, இவற்றுக்கு வயிற்றில் இடம் வைக்காமல் போகிறார்கள். அதுவும் அளவு தொடர்பான தவறுதான். காலையில் இடியாப்பமும் கோஸ்மல்லியும் பணியாரமும், நண்பகலில் முழு இலை, நான்கு மணிக்கு இடைப்பலகாரம், இரவில் மறுபடியும் இலை என்று ஓடும் நாளில், முதல் வேளையிலேயே வயிறு முட்டச் சாப்பிடுபவர் இரண்டாம் நாள் அறையில் படுத்திருப்பார். ஒயின் சுவைப்பு போல ஒரு வாய் பார்த்துவிட்டு நகர இங்கே வழியில்லை. பரிமாறுபவர் உபசரித்துக்கொண்டே இருப்பார், இலையில் விழுந்ததை மிச்சம் வைப்பதும் அழகல்ல. ‘அரைக் கரண்டி போதுங்க, எல்லாத்தையும் பார்க்கணும்ல’ என்று முதல் சுற்றிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சாப்பிட்டுக் களைத்தபின் இலையின் மேல் கையை நீட்டி மறைப்பதுதான் சங்கடம்.

விருந்து நடக்கும் வீடு ஒரு குடும்பத்தின் வீடு என்பதை மறப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெரிய வீடுகளில் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பதும், சாமி வீட்டைப் படமெடுப்பதும், கேட்காமல் மாடி ஏறுவதும் அழைத்து வந்தவருக்கே பிரச்சினையை உண்டாக்கும். சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடமே கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தது அவர்கள் சம்மதித்ததாக ஆகாது. சமைத்துப் போட்டவர் வீட்டு ஆச்சியாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாக அந்த வீட்டில் வேலை பார்க்கும் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். பாராட்டை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும் குழுக்கள், உண்மையில் அடுப்பில் நின்றவரை விட்டுவிடுகின்றன. அன்பளிப்புக் கொடுக்க நினைப்பவர்கள், அதைக் குழுவாகச் சேர்த்து ஒரே உறையில் வைத்து அடுப்படிக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

பாத்திரம் வாங்கும் ஆசை இந்தப் பயணத்தில் யாருக்கும் வராமல் இருப்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பித்தளை அடுக்கு, வெண்கலப் பானை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் கிடைக்கும். அலங்காரத்துக்கு வாங்குவது வேறு, சமைக்க வாங்குவது வேறு. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோன பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பு களிம்பேறும். வாங்கியதும் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். ஈயச்சொம்பு வாங்குபவர், அது வெள்ளீயம்தானா என்பதை உறுதிசெய்யாமல் அதில் ரசம் வைக்கக் கூடாது. காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. பூச்சு உதிர்ந்த பழைய எனாமலிலும், மேற்பூச்சு வெடித்த பழைய பீங்கானிலும் உணவு வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. கடைக்காரர் ரசீது கொடுத்துவிட்டார் என்பது விமான நிலையத்தில் பதிலாகாது.

பயண ஏற்பாட்டில் நடக்கும் தவறுகள் எங்கும் உள்ளவைதான். இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். அதிகாலையில் ரயிலை விட்டு இறங்கி, குளித்தும் குளிக்காமலும் எட்டு மணி வகுப்பில் போய் நிற்பது ஒன்று. சென்னையிலிருந்து வருவோர் பிற்பகலில் எழும்பூரில் புறப்படும் பல்லவன் விரைவு ரயிலில் ஏறினால் இரவே காரைக்குடிக்கு வந்து தூங்கிவிடலாம். மதுரை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து வருவோருக்கும் முந்தைய நாள் மாலை வந்துசேர்வதே வசதி. மற்றொன்று, கட்டணத்தில் எது அடங்கும் என்று எழுத்தில் வாங்காமல் இருப்பது. கார், வீடு பார்க்கும் நுழைவுக் கட்டணம், ஓட்டுநரின் சாப்பாடு, இடைப்பலகாரம், வராமல் போனால் திருப்பித் தரும் தொகை ஆகிய எல்லாம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாக வேண்டும்.

வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக நினைப்பவர்கள் கிளம்பும் நாள் காலையில் கேட்பதுதான் வழக்கம். அப்போது கிடைப்பது கடையில் அடுக்கிய பொட்டலம். முதல் நாளே சொல்லிவைத்தால் புதிதாகச் சுட்டுக் கொடுப்பார்கள். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை ஆகியவை காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் தாங்கும், அதிரசமும் கெடாது. வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் மசாலைச் சீயத்தையும் கட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. அவற்றை அங்கேயே, சூடு ஆறும் முன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.